இரண்டு இணைப்பு, ஒரு வீடு: வேகம் கூடுமா?

வீட்டில் இரண்டு இணைய இணைப்புகள் இருந்தால் வேகம் இரட்டிப்பாகுமா? ஆகும் என்று நம்பித்தான் நான் வேலையைத் தொடங்கினேன். ஆகாது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவ விடுமுறை முழுவதும் தேவைப்பட்டது. அந்த விடுமுறையில் கற்றதைக் கணினித் துறை சாராத நண்பர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுத முயல்கிறேன். பிழை இருந்தால் மூத்தோர் திருத்துவீர்களாக.

எங்கள் வீடு ஈப்போ, குனோங் ராபாட்டில் இருக்கிறது. ஹியோங் பெங் பிஸ்கட்டுக்கும் கெக் லோக் தோங் குகைக் கோயிலுக்கும் பேர்போன இடம். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்று சுவர்போல் நிற்கும். பார்க்க அழகுதான். கைப்பேசி அலைக்கு மட்டும் அது எதிரி. இந்தக் குன்று பின்னால் மீண்டும் வரும்.

அப்பா லாரி ஓட்டுநராக இருந்தவர். இப்போது வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறேன், தம்பி படிவம் ஐந்து. ஆகவே அப்பாவைக் காலையில் கொண்டு போய் விட்டு, மதியம் அழைத்து வருவது அக்காதான். அவர் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறார். மதியம் இரண்டு மணி முதல் இரவு பத்து வரை வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: வேலை நேரத்தில் இணைப்பு அறுபடக்கூடாது. ஒரே மாதத்தில் மூன்று முறை அறுந்தால் அலுவலகத்திற்குத் திரும்ப வேண்டும்.

நான் விடுமுறைக்கு வந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு முறை அறுந்திருந்தது.

“இன்னொரு தடவ லைன் போச்சுன்னா நான் கேஎல்லுக்குப் போயிட வேண்டியதுதான். அப்பாவ யாரு கூட்டிட்டுப் போவாடா?” என்றார் அக்கா.

“கவலப்படாதீங்கக்கா, இன்னொரு லைன் போட்டு ரெண்டையும் சேத்திடுறேன். வேகமும் டபுளாயிடும்” என்று நான் சொன்னேன். வலையமைப்புப் பாடத்தில் ஏ எடுத்தவன் பேச்சு!

முதல் முயற்சி

வீட்டில் இருந்தது 100 எம்பிபிஎஸ் ஒளியிழை இணைப்பு. கூடுதலாக, சிம் அட்டை போடும் மோடம் ஒன்றை வாங்கினேன். குன்றின் நிழல் படாத முன்பக்கச் சன்னலில் வைத்தால் 35 எம்பிபிஎஸ் வரை கிடைத்தது. பின்னறையில் வைத்தால் 4. இரண்டு பெட்டிகளையும் ஒரு கம்பியால் இணைத்தேன். ‘இரண்டு குழாய், ஒரு தொட்டி, சீக்கிரம் நிறையும்’ என்பதுதான் என் கணக்கு.

பத்து நிமிடத்தில் வீட்டில் ஒருவருக்கும் இணையம் ஒழுங்காக வேலை செய்யவில்லை. நல்ல வேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

என்ன நடந்தது? வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரி உண்டு. 192.168 என்று தொடங்கும் எண்களை வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் ஒதுக்கிவைத்தது. அதனால்தான் உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே மாதிரி எண்கள் இருக்கின்றன. வெளியே போகும்போது ரௌட்டர் அவற்றைத் தன்னுடைய வெளிமுகவரியாக மாற்றி அனுப்புகிறது. இந்த முகவரி மாற்றத்திற்கு ‘நாட்’ என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய இரண்டு பெட்டிகளுமே 192.168.1.1 என்ற ஒரே எண்ணைத் தம் முகவரியாக வைத்திருந்தன. ஒரு தாமானில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவெண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்?

சரி, ஒன்றை 192.168.2.1 என்று மாற்றினேன். அப்போதும் சரிவரவில்லை. கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை டிஎச்சிபி என்ற சேவை செய்கிறது. ‘எனக்கு முகவரி தாருங்கள்’ என்று தம்பியின் கைப்பேசி கேட்டால் இரண்டு பெட்டிகளும் பதில் சொல்கின்றன. பெரும்பாலும் முந்திய பதிலே வெல்லும். முகவரியோடு ‘வெளியே போக என் வாசலைப் பயன்படுத்து’ என்ற குறிப்பும் சேர்ந்தே வரும். இதன் விளைவாக அம்மாவின் கைப்பேசி சிம் வழியாகவும், அக்காவின் மடிக்கணினி ஒளியிழை வழியாகவும், தம்பியுடையது நேரத்துக்கு ஒரு வழியாகவும் போனது. கூட்டல் நடக்கவில்லை, குலுக்கல்தான் நடந்தது.

மடிக்கணினியில் கம்பியை ஒரு பெட்டியிலும் வைஃபையை இன்னொரு பெட்டியிலும் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் இரண்டில் ஒன்றுக்கு முன்னுரிமை கொடுத்து, மற்றதை வெறுமனே வைத்துக்கொள்கிறது. இங்கும் கூட்டல் இல்லை.

அப்பாவின் லாரிக் கணக்கு

சாப்பாட்டு மேசையில் நான் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்ததை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “ஒரு அலமாரி இருக்கு. ரெண்டு லாரி இருக்கு. அலமாரி சீக்கிரம் போய்ச் சேருமா?”

சேராது. அலமாரி ஒரே லாரியில்தான் போகும். இரண்டாவது லாரி காலியாகப் பின்னால் வரும்.

“பிரிச்சு ஏத்தலாம்பா.”

“ஏத்தலாம். அந்தப் பக்கம் மறுபடி மாட்டுறதுக்கு ஆளு இருக்கணும்ல?”

பதினான்கு வாரம் நான் கேட்ட விரிவுரையின் சாரம் இவ்வளவுதான். இணையத்தில் ஓர் உரையாடல் என்பது ஐந்து விவரங்களால் அடையாளம் காணப்படுகிறது: அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, இருபக்கத் துறை எண்கள் இரண்டு, நெறிமுறை. நீங்கள் ஒரு கோப்பை இறக்கும்போது அந்தக் கோப்பின் பொட்டலங்கள் எல்லாம் ஒரே உரையாடலைச் சேர்ந்தவை. பாதிப் பொட்டலங்களை ஒளியிழை வழியாகவும் மீதியைச் சிம் வழியாகவும் அனுப்பினால், ‘நாட்’ காரணமாக, எதிர்முனையில் அவை இரண்டு வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தவைபோல் தெரியும். இரண்டாவது ஆளை அந்தச் சேவையகம் அடையாளம் காணாது, அவருடைய பொட்டலங்களை ஒதுக்கிவிடும்.

எனவே வீட்டில் இரண்டு இணைப்புகளைக் கொண்டு செய்யக்கூடியவை மூன்று. இவற்றுக்கு நம் மொழியில் நிலைத்த சொற்கள் இல்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்த நான் இந்தப் பாடத்தையெல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். ஆகவே இங்கே வருபவை என் சொற்கள். உரையாடல்களை இரண்டு வழிகளுக்கும் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சிங்கைச் சுமைப்பகிர்வு என்கிறேன். ஒன்று அறுந்தால் மற்றதற்கு மாறும் ஃபெயில்ஓவரை வழிமாற்று என்கிறேன். அலமாரியைப் பிரித்து ஏற்றி மறுமுனையில் மாட்டும் பாண்டிங்கைப் பிணைப்பு என்கிறேன். இவற்றைவிட நல்ல சொற்கள் உங்களிடம் இருந்தால் தமிழ்த் துறை நண்பர்கள் அடுத்த இதழில் எழுதலாம்.

மாமாவின் பழைய பெட்டி

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிம்பாங் பூலாயில் சைபர் கபே நடத்தியவர். நான் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. 2001-இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் அகண்ட அலைவரிசைதான் அன்று ஊரெங்கும். மாமா 1 எம்பிபிஎஸ் இணைப்புகள் இரண்டு எடுத்து, இரட்டை வாசல் ரௌட்டர் ஒன்றில் சேர்த்து, இருபது கணினிகளுக்குக் கொடுத்திருந்தார். ‘இரண்டு லைன் போட்ட கடை’ என்பது அந்நாளில் ஒரு விளம்பரமாம்.

மாமாவுக்கு அது நன்றாகவே பயன்பட்டது. ஏனென்றால் இருபது பேர், இருபது விதமான உரையாடல்கள். பத்துப் பேரை ஒரு வழியிலும் பத்துப் பேரை மறுவழியிலும் விட்டால் ஒவ்வொருவருக்கும் நெரிசல் குறைகிறது. யாருக்கும் 1 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கிடைக்காது, ஆனால் யாரும் தவிக்கவும் மாட்டார்கள். சுமைப்பகிர்வுக்கு ஏற்ற இடம் அது. தமிழ்ப்பள்ளிக் கணினி அறை, விடுதி, கல்யாண மண்டபம் போன்றவையும் அப்படித்தான். பலர் ஒரே நேரத்தில் பல காரியம் செய்யும் இடங்கள்.

அந்தப் பழைய ரௌட்டரை மாமா சாமான் அறையிலிருந்து தூசு தட்டிக் கொடுத்தார். வேலை செய்தது! ஆனால் பல ஆண்டுகளாகப் பாதுகாப்புப் புதுப்பிப்பே பெறாத பெட்டி. அக்காவின் அலுவலக வேலையை அதன் வழியாக விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் பழகிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு பழைய பொருள் விற்பவரிடம் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய ஐந்து துளை ரௌட்டர் ஒன்றை வாங்கினேன். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இலவச மென்பொருள் அது. அதில் எம்வான்3 என்ற தொகுப்பைச் சேர்த்தால் பல வாசல்களை ஆளலாம்.

பழைய பெட்டிகள் இரண்டும் இப்போது ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் புதிய ரௌட்டரின் ஒவ்வொரு வெளிவாசலில் இருக்கிறது. ஒளியிழைப் பெட்டி 192.168.1.1, சிம் மோடம் 192.168.2.1, நடுவில் இருக்கும் ரௌட்டர் வீட்டுக்குள் 192.168.10.1. மூன்றும் வெவ்வேறு தெருக்கள். வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுப்பது நடுப் பெட்டி மட்டுமே; பழைய பெட்டிகளின் வைஃபையை அணைத்துவிட்டேன். இந்தப் படத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு தொடங்கியிருந்தால் முதல் வாரம் மிச்சமாகியிருக்கும்.

முதலில் ஆசைக்குச் சுமைப்பகிர்வைப் போட்டேன். ஒளியிழைக்கு மூன்று பங்கு, சிம்முக்கு ஒரு பங்கு. வேகச் சோதனை 128 காட்டியது. தம்பி துள்ளினான். ஆனால் அந்தச் சோதனை ஒரே நேரத்தில் பல உரையாடல்களைத் திறந்து அளக்கிறது, அதனால்தான் இரண்டு லாரியும் நிறைந்தன. ஒரே பெரிய கோப்பை உலாவியில் இறக்கிப் பார்த்தால், ஒரு முறை 90-க்கு மேல், இன்னொரு முறை 30-தான். எந்த லாரி வாய்த்ததோ அதன் வேகம். வேகச் சோதனையின் எண்ணைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். பிறகு அதைப் பற்றி நானே பேசவில்லை.

அன்று மாலை அம்மா வங்கிக் கணக்கைத் திறந்தார். உள்ளே போனதும் வெளியே தள்ளியது. மீண்டும் போனால் மீண்டும் தள்ளியது. கடவுச்சொல்லைச் சொன்னது ஒரு வெளிமுகவரி, அடுத்த நொடி இருப்பைக் கேட்டது வேறு வெளிமுகவரி. எச்சரிக்கையான வங்கித் தளம் இதைத் திருட்டு என்றே எண்ணும், எண்ணவும் வேண்டும். இதற்கு மருந்து எம்வான்3-இல் இருக்கிறது. ஒரு கருவி ஒரு வழியில் போகத் தொடங்கினால் குறிப்பிட்ட நேரம் அதே வழியில் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம். பத்து நிமிடம் என்று வைத்தேன். அம்மாவின் சிக்கல் தீர்ந்தது.

அக்காவுக்கு வேண்டியது வேறு

இத்தனைக்கும் பிறகுதான் அக்காவின் வேலையை உட்கார்ந்து கவனித்தேன். அவருடைய மடிக்கணினி அலுவலகத்திற்கு ஒரு விபிஎன் சுரங்கம் போடுகிறது. தொலைபேசிக் குரல், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அதற்குள்ளேயே போகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரே உரையாடல், ஓர் அலமாரி. சுமைப்பகிர்வால் அக்காவுக்கு ஒரு பைசா பயன் இல்லை. மேலும் அவருடைய வேலைக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் போதும். நான் வேகத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதோ அறுபடாமை.

ஆகவே விதிகளை மாற்றினேன். அக்காவின் மடிக்கணினி எப்போதும் ஒளியிழையில் போகும். ஒளியிழை செத்தால் மட்டும் சிம்முக்கு மாறும். தம்பியின் விளையாட்டுக் கருவி அக்காவின் வேலை நேரத்தில் சிம் வழியாக. இதை எழுதும்வரை அவன் என்னை மன்னிக்கவில்லை.

ஒளியிழை செத்துவிட்டது என்று ரௌட்டருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் பச்சை விளக்கு, அடுத்த பெட்டி வரை கம்பி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தெருமுனையில் இழை அறுந்திருந்தாலும் அந்த விளக்கு எரியும். எனவே தொலைவில் உள்ள முகவரிகளுக்கு ரௌட்டர் இடைவிடாமல் ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் வைத்தேன். ஒன்றை மட்டும் வைத்தால் அந்த ஒன்று ஓய்ந்த நேரத்தில் நல்ல இணைப்பையும் செத்ததாக எண்ணிவிடும். ஐந்து நொடிக்கு ஒரு முறை கேட்டு, மூன்று முறை எந்தப் பதிலும் வராவிட்டால் வழி மாறும். இதைவிடக் குறைத்தால் சிறு தடங்கலுக்கெல்லாம் தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் விபிஎன் அறுந்து மீண்டும் இணைய வேண்டும். திரும்பி வரும்போதும் அப்படியே. அதனால் ஒளியிழை பிழைத்த உடனே அதற்குத் தாவாமல், சில நிமிடம் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகே வரும்படி வைத்தேன்.

“அந்த இருபது நொடி கூட இல்லாம செய்ய முடியாதா?” என்று அக்கா கேட்டார்.

முடியும். அதுதான் பிணைப்பு. இது புதிய யோசனையே அல்ல. ஐஎஸ்டிஎன் காலத்திலேயே 64 கேபிபிஎஸ் தடங்கள் இரண்டைப் பிணைத்து 128 ஆக்கினார்கள். ஆனால் அங்கே இரண்டு தடங்களும் ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டியில் போய் முடிந்தன. மாட்டுவதற்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தார். இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளுக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. 2013-இல் ஆர்எஃப்சி 6824 என்ற ஆவணம் பலவழி டிசிபியை விவரித்தது. ஓர் உரையாடலே பல வழிகளில் போகலாம், ஒரு வழி செத்தால் மற்றதில் தொடரலாம். அதே ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 7-இல் சிரிக்கு இதைப் பயன்படுத்தியது. 2020-இல் லினக்ஸ் கருவிலேயே இது சேர்க்கப்பட்டது. இருந்தும் எதிர்முனைச் சேவையகத்துக்கும் இந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடங்களுக்குப் போக, சிங்கப்பூரிலோ வேறெங்கோ ஒரு சேவையகத்தை வாடகைக்கு எடுத்து, ‘மாட்டுகிற ஆளாக’ அதை வைத்துக்கொள்ளலாம். ஓப்பன்எம்பிடிசிபிரௌட்டர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே இருக்கிறது.

நான் அதைச் செய்யவில்லை. மாத வாடகை ஒரு காரணம். இரண்டு வழிகளின் தாமதம் பெரிதும் வேறுபட்டால் முந்தி வந்த பொட்டலம் பிந்தியதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எங்கள் சிம் இணைப்பு மழை நேரத்தில் படுத்தும் பாட்டைப் பார்த்தால், நல்ல லாரியும் கெட்ட லாரிக்காகச் சாலையோரம் நிற்கும். முக்கியமான காரணம், அலுவலகத் தரவு எந்த வழியாகப் போகலாம் என்று முடிவெடுக்க வேண்டியது நிறுவனம். தம்பி ஒருவன் விடுமுறையில் அமைத்த இடைத்தரகுப் பெட்டி வழியாக அது போவது முறையல்ல. அக்கா தம் மேலாளரிடம் இருபது நொடி விவகாரத்தை வெளிப்படையாகக் கேட்டார். ஒரு நிமிடத்திற்குள் திரும்பி வந்தால் அறுபட்டதாகக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்று பதில் வந்தது. இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு என்பது உண்மையில் இரண்டுதானா?

எல்லாம் அமைத்து முடித்து இரண்டு நாளில் மின்சாரம் போனது. இரண்டு இணைப்புகளும் ஒரே நொடியில் போயின! மூன்று பெட்டிகளும் ஒரே சுவர்த்துளையில் அல்லவா செருகியிருந்தன. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. அக்கா தம் கைப்பேசியை மடிக்கணினியோடு இணைத்து ஒரு நிமிடத்துக்குள் எப்படியோ சமாளித்துவிட்டார். மறுநாள் பெட்டிகளுக்கென்று சிறிய மின்கலப் பெட்டி வாங்கினேன். செலவில் அதுதான் குறைவு, பயனில் அதுதான் அதிகம்.

இந்தத் தவறைப் பெரியவர்களும் செய்ததுண்டு. 2006 டிசம்பர் 26-இல் தைவானின் தெற்கே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, லூசோன் நீரிணையில் கிடந்த கடலடிக் கம்பிகள் பல ஒருசேர அறுந்தன. கம்பிகளின் பெயர் வேறு, உரிமையாளர் வேறு, ஆனால் கடலடி ஒன்று. மலேசியா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தவழ்ந்தது. மாமா அந்த வாரத்தை இன்னும் மறக்கவில்லை. கடையில் இரண்டு லைன் இருந்தும் வெளிநாட்டு விளையாட்டு எதுவும் ஓடவில்லையாம்; பிள்ளைகள் காசைத் திருப்பிக் கேட்டார்களாம். அவருடைய இரண்டு லைனும் ஒரே நிறுவனம், ஒரே தூண், ஒரே கடல்.

எனவே இரண்டாவது இணைப்பு வாங்குவோர் வேகத்தைப் பார்ப்பதற்கு முன், அது வேறு வழியாக வருகிறதா என்று பார்க்கலாம். ஒன்று கம்பி, மற்றது காற்று. நிறுவனமும் வேறாக இருந்தால் நலம். அப்போதும் முழு உறுதி இல்லை. கைப்பேசிக் கோபுரமும் கடைசியில் ஏதோ ஓர் ஒளியிழையில்தான் தொங்குகிறது.

விடுமுறையின் கடைசி வாரம், ஈப்போவுக்கே உரிய மாலை இடிமழை. நாலரை மணிக்கு ஒளியிழை போனது. அக்கா அழைப்பில் இருந்தார். “ஒரு நிமிஷம் இருங்க, சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ” என்று மலாயில் சொல்வது அறைக்கு வெளியே கேட்டது, பிறகு அமைதி. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு இல்லை. மூன்றாவதற்கு இல்லை. வழி மாறியது. சன்னலோரம் சிம் மோடத்தின் விளக்கு வேகமாக மினுக்கத் தொடங்கியது. மொத்தம் இருபத்தாறு நொடி. விட்ட இடத்திலிருந்து அக்கா அந்த வாடிக்கையாளரை மீண்டும் அழைத்துப் பேசத் தொடங்கினார்.

கூடத்தில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்: “இப்ப எந்த லாரியில ஓடுது?”

“சின்ன லாரிப்பா.”

“சரி. மெதுவா ஓட்டச் சொல்லு” என்றார். அன்றிரவு ஒன்பதே காலுக்கு ஒளியிழை திரும்பி வந்தது.